தலை திரும்பாத பிள்ளையும் தீட்டுப்பட்ட கையும்

"பிள்ளைக்கு இன்னும் தலை திரும்பலையாம்." ஒன்பதாம் மாசம் ஸ்கேன் எடுத்துவிட்டு வருகிற பெண்ணைப் பற்றித் தெருவில் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். ஏழாம் மாசத்தில் நாலைந்து பிள்ளைக்கு ஒன்று குண்டியைக் கீழே வைத்து உட்கார்ந்துதான் கிடக்கும். அதில் பெரும்பாலானவை தானாகவே குட்டிக்கரணம் போட்டுத் தலையைக் கீழே கொண்டுவந்துவிடும். மாசம் நிறைகிறபோது நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பிள்ளைகள்தான் திரும்பாமல் மிச்சம் நிற்கும். அந்தத் தாய்மாருக்குப் பெரும்பாலும் கிடைக்கிற பதில் ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது: ஆபரேஷன். வயிற்றின் மேலிருந்தே கையால் பிள்ளையைத் திருப்ப முடியும், பாதிக்குப் பாதி திரும்பும் என்று எத்தனை பேரிடம் சொல்லப்படுகிறது? அந்தக் கை யாருடையதாக இருந்தது, எப்படி இழிவாக்கப்பட்டது, பிறகு யாருடைய பெயரில் மறுபடி வந்தது என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது. இது மருத்துவ வரலாறு என்று ஒதுக்கிவிட முடியாது. சாதியின் வரலாறும் இதுதான்.

1928-இல் இந்தூர் பகுதியில் பலாய் என்கிற தீண்டப்படாத சாதியாருக்கு ஊர்ச் சாதி இந்துக்கள் சில கட்டளைகளைப் போட்டார்கள். 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் அவற்றை எடுத்துக்காட்டுகிறார். சரிகை வைத்த தலைப்பாகை கட்டக்கூடாது, கரை போட்ட வேட்டி உடுத்தக்கூடாது, பெண்கள் பொன்னோ வெள்ளியோ அணியக்கூடாது, சாதி இந்து செத்தால் எவ்வளவு தூரமானாலும் போய் உறவுக்காரருக்குச் சேதி சொல்ல வேண்டும். இந்த வரிசையில்தான் இன்னொரு கட்டளையும் வருகிறது. சாதி இந்துப் பெண்களின் பேறுகாலம் எல்லாவற்றுக்கும் பலாய்ப் பெண்கள் வந்தாக வேண்டும். கூலி கேட்கக்கூடாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தப் பட்டியலை மேற்கோள் காட்டுகிற பலர் தலைப்பாகையையும் நகையையும் சொல்லிவிட்டுப் பேறுகாலத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சாவுச் சேதி சொல்லுவதும் பிள்ளை எடுப்பதும் ஒரே மூச்சில் ஏன் வருகின்றன? சாவும் பிறப்பும் தீட்டு. தீட்டை ஏற்பதற்கென்று ஒரு சாதி வேண்டும், அதிலும் பேறுகாலத் தீட்டுக்கு அந்தச் சாதியின் பெண் வேண்டும்.

தமிழ்நாட்டிலும் ஏற்பாடு இதுதான், ஆள் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். அம்பட்டர் வீட்டுப் பெண்களே மருத்துவச்சிகள் என்று 1909-இல் தர்ஸ்டன் தன் சாதித் தொகுதிகளில் எழுதிவைத்தார். ஆனால் பல ஊர்களில் பறையர், சக்கிலியர் பெண்கள்தான் பேறு பார்த்தார்கள். சேரிக்குள் மட்டுமல்ல, பண்ணை வீடுகளிலும் பார்த்தார்கள். புதுச்சேரிப் பக்கத்துக் காரணியைச் சேர்ந்த வீரம்மாள் தன் வாழ்க்கையை ஜோசியான் ரசீனிடம் வருடக்கணக்கில் சொல்லி, அது 1995-இல் பிரெஞ்சிலும் 1997-இல் ஆங்கிலத்திலும் நூலாயிற்று. அவரைப் பாட்டுக்காரி என்றும் பண்ணைக் கூலி என்றும் எல்லோரும் பேசினார்கள். அவர் மருத்துவச்சியும்கூட என்பதைப் பேசினவர்கள் குறைவு. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பறைச்சியிடம் ஒரு மருத்துவ அறிவு இருந்தது என்பது நம்ம ஆராய்ச்சிக்காரர்களுக்கு அவ்வளவாக உறைக்கவில்லை.

திண்ணையில் உட்காரக்கூடாத கை, கிணற்றுக் கயிற்றைத் தொடக்கூடாத கை, பண்ணையார் வீட்டு மருமகளின் கர்ப்பத்துக்குள் போகலாம். முதல் மூச்சு விடாத பிள்ளையின் வாயைத் துடைக்கலாம். கொடியை அறுத்து, நஞ்சைக் கொண்டுபோய்ப் புதைக்கலாம். காரியம் முடிந்தால் அந்த வீட்டுக்காரர்கள் தண்ணீர் தெளித்துக்கொள்வார்கள். வந்தவளுக்கு முறத்தில் நெல்லும் ஒரு பழஞ்சீலையும், அதுவும் கொல்லைப்புறத்தில். ஆண் பிள்ளையென்றால் கொஞ்சம் கூடுதல்.

எதிர்ப்பக்கம் என்ன நடந்தது? 1929-இல் காத்தியவாரில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியரின் மனைவிக்குப் பிள்ளை பிறந்து இரண்டு நாளில் நோய் கண்டது. மருத்துவர் சேரிக்கு வர மறுத்தார். ஊர்ப் பெரியவர்கள் சொல்லி, இரண்டு ரூபாய் கட்டணமும் பேசி, பிள்ளை பெற்ற உடம்போடு அவளைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்து கிடத்தினார்கள். அப்போதும் மருத்துவர் தொடவில்லை. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார், அவர் கணவனிடம் கொடுத்தார், கணவன் மனைவிக்கு வைத்தான். திரும்பியதும் அதே வழியில்தான். தூர நின்று பார்த்து நிமோனியா என்று சொல்லி மருந்து கொடுத்தார். அடுத்து வந்து பார்க்கவும் மறுத்துவிட்டார். அந்தப் பெண் செத்துப்போனாள். அம்பேத்கர் தன் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற குறிப்புகளில் இதைச் சேர்த்திருக்கிறார். இந்தூரையும் காத்தியவாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இடையில் ஒரே ஒரு வருஷம்தான். அங்கே தொட்டே ஆக வேண்டும், இங்கே தொடவே மாட்டேன்.

இனி அந்தக் கை என்ன செய்தது என்பதற்கு வருவோம். வயிற்றில் எண்ணெய் தடவி நீவிப் பார்த்தால் தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம், கால் எங்கே உதைக்கிறது என்று கைக்குத் தெரியும். மேலே உருண்டையாய், கெட்டியாய், தனியாய் ஆடுகிறது தலை. மெத்தென்று உடம்போடு சேர்ந்து அசைகிறது குண்டி. இதுதான் அடிப்படை. இதற்குப் படிப்பு வேண்டாம், நூறு வயிற்றைத் தொட்ட பழக்கம் வேண்டும். பிள்ளை குறுக்கே கிடந்தால் நீவி நேராக்குவதும், தலை மேலே இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாய்த் தள்ளிக் கீழே கொண்டுவருவதும் உலகத்தின் பல பக்கங்களில் மருத்துவச்சிகள் செய்துவந்ததுதான். மெக்சிகோவில் யுகத்தான் பகுதியின் மாயா மருத்துவச்சிகள் நீவியே பிள்ளையைத் திருப்புவதை மானிடவியலாளர் பிரிகிட் ஜோர்டன் கூடவே இருந்து பார்த்தார். சிசேரியனுக்கு இது மாற்றாகலாம் என்று 1984-இல் எழுதினார்.

நம்மூர்ச் சாஸ்திரக்காரர்கள் உடனே சுசுருதத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உண்மைதான், வழிமாறிக் கிடக்கிற கருவை 'மூடகர்ப்பம்' என்று சொல்லி, எந்த நிலைக்கு எப்படி இழுக்க வேண்டும், செத்த பிள்ளையை எப்படி அறுத்து எடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆனால் சாஸ்திரம் ஏட்டில் இருந்தது. வேலையைச் செய்தது யார்? ரத்தத்தையும் நஞ்சையும் தொடுவது இழிவு என்று விதித்த ஒரு சமுதாயத்தில், தொட்டு அறிந்த அறிவு தொடப்பட்ட சாதிகளிடமே போய்ச் சேர்ந்தது. அது ஏட்டில் ஏறவில்லை. ஏட்டில் ஏறாததை அறிவு என்று ஒத்துக்கொள்ளவும் இல்லை.

ஐரோப்பாவில் சாதி இல்லை, ஆனால் ஆம்பளை உண்டு. 2-ஆம் நூற்றாண்டில் சொரானஸ் என்ற கிரேக்க மருத்துவர் பிள்ளையைத் திருப்பிக் காலைப் பிடித்து எடுப்பது பற்றி எழுதினார். 1550 வாக்கில் பிரான்சில் அம்புருவாஸ் பாரே அதை மறுபடி எழுதினார், அவர் பெயர் நின்றது. 1609-இல் லூயிஸ் புர்ஷுவா என்ற மருத்துவச்சியும், 1690-இல் யுஸ்டீனே சீகமுண்டின் என்ற ஜெர்மானிய மருத்துவச்சியும் தங்கள் கையனுபவத்தைப் புத்தகமாகப் போட்டார்கள். சீகமுண்டின், வழிமாறிய பிள்ளையை இரண்டு கையாலும் திருப்புகிற ஒரு முறையைச் சொன்னவர். வயிற்றின் மேலிருந்தே திருப்புவதை 1807-இல் விகாண்ட் எழுதினார், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் பினார் அதைப் பாடமாக்கினார். அங்கே மருத்துவச்சிக்குப் பேனாவாவது கிடைத்தது. வீரம்மாளின் பாட்டிகளுக்கு அதுவும் இல்லை.

1844-இல் சென்னை எழும்பூரில் பிரசவ ஆஸ்பத்திரி வந்தது. 1854-இல் அங்கே மருத்துவச்சிப் பயிற்சியும் தொடங்கியது. 1885-இல் மேரி ஷார்லீப் திருவல்லிக்கேணியில் இன்றைக்கும் சனங்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்கிற மருத்துவமனைக்குக் காரணமானார். அதன் பழைய முழுப் பெயர் தெரியுமா? 'சாதி மற்றும் கோஷாப் பெண்களுக்கான விக்டோரியா மருத்துவமனை.' சாதிப் பெண்கள் என்றால் சாதி இந்துப் பெண்கள். கோஷா என்றால் முகத்திரை இடுகிற பெண்கள். பெயர்ப் பலகையிலேயே எழுதி வைத்தார்கள் யாருக்கான கட்டில் என்று. ஷார்லீப் செய்த சேவையை நான் குறைத்துச் சொல்லவில்லை. வெளியே வராமல் வீட்டுக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு அது பெரிய காரியம்தான். ஆனால் அந்தப் பெண்களுக்கு அதுவரைக்கும் பேறு பார்த்தவளை அந்தப் பலகை எங்கே நிறுத்தியது என்பதும் வரலாறுதானே.

அதே 1885-இல் டஃபரின் சீமாட்டி நிதி வந்தது. 1903-இல் கர்சன் சீமாட்டி, நாட்டு மருத்துவச்சிகளைத் திருத்திப் பயிற்றுவிக்க விக்டோரியா நினைவு நிதி என்று ஒன்றைத் தொடங்கினார். 1927-இல் காதரின் மேயோ 'மதர் இந்தியா'வில் இந்த மருத்துவச்சியை அழுக்கின் உருவமாகவே எழுதிவிட்டார். மேயோவைத் திட்டித் தீர்த்த தேசியத் தலைவர்கள் பலரும் இந்த ஒரு விஷயத்தில் அவரோடு சண்டை போடவில்லை. வெள்ளைக்காரிக்கும் சாதி இந்துவுக்கும் அழுக்கு என்று சுட்டிக்காட்ட ஒரே ஆள் கிடைத்தாள். அவளை அழுக்காக்கிய ஏற்பாடு, அழுக்கு மூலை, பழங்கந்தல், காற்று வராத அறை, இதையெல்லாம் தேர்ந்தெடுத்தது யார்? அந்தந்த வீட்டுக்காரர்கள். கெட்டுப்போகிற துணியும் பாயும்தான் தீட்டு வீட்டுக்குக் கொடுப்பார்கள்.

கை அழுக்கைப் பற்றி ஒரு தகவல் சொல்லத்தான் வேண்டும். 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள். ஒன்று டாக்டர்களும் மாணவர்களும் பார்ப்பது, இன்னொன்று மருத்துவச்சிகள் பார்ப்பது. பிள்ளை பெற்ற காய்ச்சலில் பெண்கள் அதிகம் செத்தது டாக்டர்களின் வார்டில். பிணம் அறுத்த கையோடு அவர்கள் பிரசவம் பார்க்க வந்ததுதான் காரணம். கையைக் குளோரின் நீரில் கழுவச் சொன்னதும் சாவு சரிந்தது. சக டாக்டர்கள் பலர் அவரை நம்பவில்லை.

இதைச் சொல்வதால் மருத்துவச்சியின் கையில் தவறே இல்லை என்று ஆகிவிடாது. தொப்புள் கொடியைத் துருப்பிடித்த அரிவாளால் அறுத்து, சாம்பல் வைத்து, வலிப்பு கண்டு செத்த பிள்ளைகள் எத்தனையோ. வயிற்றை முரட்டுத்தனமாக அமுக்கினால் கருப்பை கிழியும், நஞ்சு பிரிந்து ரத்தம் கொட்டும். நம்ம பாட்டிமார் எல்லாம் தெரிந்தவர்கள் என்று இப்போது சிலர் பாரம்பரியம் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு எனக்கு ஒப்பாது. பாரம்பரியம் என்று அவர்கள் கொண்டாடுவது அடிமை வேலையின் இன்னொரு பெயர். தமிழ்நாட்டில் 1 லட்சம் பிரசவத்துக்குத் தாய்ச் சாவு 2018-20 கணக்கில் 54 என்று இறங்கியிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில் நடந்திருக்கிறது. இரவிலும் நர்சுகள் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையங்கள் சேரிப் பெண்களுக்குக் கொடுத்த உயிர் இது. அதை விட்டுக்கொடுக்க முடியாது.

அந்த வேலையைத் தூக்கியெறிந்ததும் விடுதலைதான். உத்தரப் பிரதேசத்தில் 1950-களில் தொடங்கி 1980-கள் வரைக்கும் பல ஊர்களில் 'நாரா-மவேசி' போராட்டம் நடந்தது. நாரா என்றால் தொப்புள் கொடி, மவேசி என்றால் மாடு. செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று சமார் ஆண்கள் சொன்னார்கள். கொடி அறுக்க வர மாட்டோம் என்று பெண்கள் சொன்னார்கள். அதற்காக அடி விழுந்தது, ஊர்விலக்கம் நடந்தது. நம்ம பக்கத்தில் பறையடிக்க மறுத்த கதையை நிறைய எழுதியிருக்கிறோம். கொடி அறுக்க மறுத்த பொம்பளைகளின் கதை இன்னும் போதுமான அளவு எழுதப்படவில்லை. மறுத்தவள் கொடியை மட்டும் விடவில்லை, வயிற்றைத் தொட்டுத் தலையைக் கண்டுபிடிக்கிற பழக்கத்தையும் மகளுக்குச் சொல்லாமல் விட்டாள். சொல்லியிருக்க வேண்டும் என்று அவளிடம் கேட்க யாருக்கும் உரிமையில்லை. கேள்வி, அந்த அறிவை வாங்கிக்கொண்டு அந்த இழிவை மட்டும் ஒழித்திருக்க வேண்டிய அரசிடமும் மருத்துவக் கல்லூரிகளிடமும்தான்.

கல்லூரிகளில் என்ன நடந்தது? 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் எட்டாம் மாசத்திலேயே பிள்ளையைத் திருப்பினார்கள், சில இடங்களில் மயக்க மருந்து கொடுத்தும் திருப்பினார்கள். எட்டாம் மாசத்தில் திருப்பினது மறுபடி புரண்டுகொள்ளும். விபத்துகளும் நடந்தன, பழக்கம் கைவிடப்பட்டது. 1975-இல் பெர்லினில் சாலிங்கும் கூட்டாளியும் கருப்பையைத் தளர்த்துகிற மருந்தைக் கொடுத்து, மாசம் நிறைந்த பிறகு திருப்பிக் காட்டினார்கள். 1983-இல் தென்னாப்பிரிக்காவிலும், 1991-இல் ஜிம்பாப்வேயின் ஹராரேயிலும் நடந்த ஆய்வுகள் இதனால் சிசேரியன் குறைகிறது என்று உறுதி செய்தன. 2017-இல்கூட இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி, தடை எதுவும் இல்லாத பெண்ணுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டியது.

செய்கிற விதம் பெரிய மாயமில்லை. முதல் பிள்ளைக்காரிக்கு 36 வாரம் முடிந்து, மற்றவர்களுக்கு 37 வாரத்தில் செய்வார்கள். ஸ்கேனில் பிள்ளை, நஞ்சு, நீர் எல்லாம் பார்த்து, பிள்ளையின் இதயத் துடிப்பைப் பதிவு செய்வார்கள். ஒன்றுக்குப் போய்விட்டு வந்து படுக்கச் சொல்வார்கள். ஊசி போட்டுக் கருப்பை தளர்ந்ததும், ஒரு கையால் பிள்ளையின் குண்டியை இடுப்பிலிருந்து மேலே கிளப்பி, இன்னொரு கையால் தலையைத் தள்ளி, முன்பக்கமாகக் குட்டிக்கரணம் போட வைப்பார்கள். சில நிமிஷ வேலை. வலிக்கும். நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். முதல் பிள்ளைக்காரிக்கு 100-க்கு 40, அடுத்த பேறுகளுக்கு 60 என்று திரும்புகிறது. திரும்பினது மறுபடி புரள்வது அபூர்வம். ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு உடனே சிசேரியன் தேவைப்படலாம், அதனால்தான் ஆபரேஷன் வசதி இருக்கிற இடத்தில் மட்டும் செய்ய வேண்டும். கிழவியின் கைக்கும் டாக்டரின் கைக்கும் இடையில் உள்ள வித்தியாசம் அந்த ஸ்கேனும் தியேட்டரும்தான். அது சின்ன வித்தியாசம் இல்லை. நஞ்சு கருப்பை வாயை மறைத்திருந்தால், ரத்தப்போக்கு இருந்தால், பனிக்குடம் உடைந்திருந்தால், வயிற்றில் இரட்டை இருந்தால் செய்யக்கூடாது. தாய்க்கு ரத்தம் ஆர்எச் நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி போட வேண்டும்.

வேறு வழிகளும் சொல்கிறார்கள். முழங்காலும் மார்பும் தரையில் பட்டு, இடுப்பைத் தூக்கிக் கிடப்பது. திருப்புகிறது என்று ஆய்வுகளால் நிறுவ முடியவில்லை. சீனத்தில் கால் சுண்டுவிரல் ஓரத்தில் மூலிகைத் திரியின் சூடு காட்டுவார்கள். ஜியாங்சி மாகாணத்தில் 260 பெண்களிடம் நடந்த ஆய்வு 1998-இல் வெளிவந்தபோது பலன் தெரிந்தது, பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அதை ஒரே மாதிரி சொல்லவில்லை. உடம்புக்குக் கெடுதல் இல்லை, நம்பி மட்டும் இருந்துவிடக்கூடாது.

2000-த்தில் இன்னொரு திருப்பம். 26 நாடுகள், 121 மருத்துவமனைகள், 2088 பெண்கள் என்று கனடாவிலிருந்து நடத்தப்பட்ட பெரிய ஆய்வு ஒன்று வந்தது. தலை திரும்பாத பிள்ளைகளுக்குத் திட்டமிட்ட சிசேரியனில் சாவும் கடும் பாதிப்பும் 1.6 சதவீதம், இயல்பாகப் பெற முயன்றதில் 5 சதவீதம் என்றது. நெதர்லாந்தில் இரண்டே மாதத்தில் இப்படிப்பட்ட பேறுகளில் சிசேரியன் 50-லிருந்து 80 சதவீதத்துக்கு ஏறியது. அந்தப் பிள்ளைகளை இரண்டு வயசில் மறுபடி பார்த்தபோது, சாவிலும் மூளை வளர்ச்சியிலும் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை என்று 2004-இல் அதே குழு எழுதியது. அதற்குள் கை போய்விட்டது. இளம் டாக்டர்கள் கால் முன்னே வருகிற பிள்ளையை எடுக்கக் கற்காமலே படிப்பை முடித்தார்கள். கை தெரியாத டாக்டருக்குக் கத்தி பாதுகாப்பு. அதில் நியாயமும் இருக்கிறது. பழக்கமில்லாத கையில் மாட்டுவதைவிட ஆபரேஷன் மேல்.

தமிழ்நாட்டில் சிசேரியன் 2015-16-இல் 34.1 சதவீதமாக இருந்தது, 2019-21-இல் 44.9 ஆயிற்று. எல்லாமே தலை திரும்பாத பிள்ளைகள் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் முதல் பிள்ளைக்கு வயிற்றைக் கிழித்தால் அடுத்ததற்கும் பெரும்பாலும் கிழிக்கிறார்கள். நாற்று நடுகிறவளுக்கும் சித்தாள் வேலைக்காரிக்கும் அந்தத் தழும்பின் விலை வேறு. குனிந்து நட முடியாத வாரங்களுக்குக் கூலி இல்லை. குடம் தூக்காதே என்று சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள், குழாய் தெருக்கோடியில் இருக்கும்.

நம்ம பெண்களிடம் வேலை செய்கிற தோழர்கள் இதைக் கையோடு கொண்டுபோக வேண்டும். 36-ஆம் வாரத்தில் நர்சம்மாவைக் கையால் வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். தலை மேலே இருக்கிறது என்றால் "கையால திருப்பிப் பாக்கலாமா, இங்க யாரு செய்வாங்க, எந்த ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுப்பீங்க?" என்று கேட்க வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று அவள் உடம்பில் இருக்கிற காரணத்தைச் சொல்லச் சொல்ல வேண்டும். செய்ய ஆளில்லை என்பதுதான் காரணம் என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லட்டும். பரிசோதனை அட்டையில் அது எழுதப்படட்டும். ஒரு மாவட்டத்துக்கு ஒரு வருஷம் இப்படி எத்தனை அட்டை சேரும் என்று எண்ணிப் பார்க்கலாம்.